சானாவா, ஸ்டீமா? முதல் தடவை உள்ளே போகிறவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கொஞ்சம் பெரிய ஜிம் என்றால் குளியலறைக்குப் பக்கத்தில் இரண்டு கதவுகள் இருக்கும். ஒன்று சானாவின் மரக்கதவு, மேலே மீட்டர் 80 என்று காட்டும். அடுத்தது ஸ்டீம் ரூமின் கண்ணாடிக்கதவு, உள்ளே ஆள் முகம் தெரியாத அளவுக்கு ஆவி, மீட்டரில் 45. புதிதாக வருகிறவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "எம்பது நமக்கு ஆகாதுங்ணா, நாப்பத்தஞ்சுலயே உக்காந்துக்கறனுங்க" என்று கண்ணாடிக்கதவைத் திறப்பார். ஐந்தாவது நிமிடம் மூச்சு முட்டி வெளியே வருவார்.

மீட்டரை மட்டும் நம்பியதால் வந்த வினை இது. 80 டிகிரி சானாவில் பத்து நிமிடம் நிம்மதியாக உட்காருகிற அதே ஆளுக்கு 45 டிகிரி ஸ்டீம் ரூம் திணறலாக இருக்கும். காரணம் தெரிந்துவிட்டால், எதில் எவ்வளவு நேரம், யார் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதெல்லாம் பாதி தானாகவே விளங்கிவிடும்.

எண்பதும் நாற்பத்தைந்தும்

சானாவுக்குள் இருப்பது காய்ந்த காற்று. வெப்பம் 70 முதல் 100 டிகிரி, ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம். வியர்வை வர வரக் காய்ந்துவிடும். காயும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். சித்திரை வெயிலிலும் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறதே, அதே சங்கதி. போதாததற்குக் காற்று சூட்டைக் கடத்துவதில் மந்தம். அதனால்தான் எண்பது தாங்குகிறது.

ஸ்டீம் ரூமில் வெப்பம் 40 முதல் 50 வரைதான், ஆனால் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு. வியர்வை காய வழியே இல்லை. அதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. தோலின் வெப்பம் 35 டிகிரி சுமாருக்கு இருக்கும். சுற்றியுள்ள ஆவி அதைவிடச் சூடு. எனவே ஆவி தோலில் பட்டதும் தண்ணீராக மாறி, தன்னிடம் இருந்த சூட்டை உடம்பில் இறக்கிவிடுகிறது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். ஒரு கிராம் ஆவி தண்ணீராகும்போது 540 கலோரிக்கு மேல் விடுகிறது. கேக் வேகிற 180 டிகிரி 'அவன்' அடுப்புக்குள் ஒரு நொடி கையை விட்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது. 100 டிகிரி இட்லிப் பானையின் மூடியை அவசரத்தில் திறந்தால் கை வெந்துவிடும். அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் இது தெரியும், ஜிம்மில்தான் மறந்துவிடுகிறது.

"ஸ்டீம்லதான் நல்லா வேர்க்குது" என்று சொல்வதிலும் பாதிதான் உண்மை. உடம்பில் வழிகிற தண்ணீரில் பெரும்பங்கு ஆவி படிந்து வழிவது. உண்மையில் எவ்வளவு வியர்த்தது என்று பார்க்க ஒரே வழி, போகும் முன்னும் துடைத்துக்கொண்டு வந்த பின்னும் எடைக்கருவியில் நிற்பது. சானாவில் ஒரு அமர்வுக்கு அரை கிலோ சுமாருக்குக் குறையும். அது அத்தனையும் தண்ணீர். இரண்டு சொம்பு மோர் குடித்தால் எடை திரும்பிவிடும். சானாவில் உட்கார்ந்து தொப்பை கரைந்ததாகச் சொல்கிற விளம்பரத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

உடம்புக்குள் நடப்பது

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்தம் தோலை நோக்கி ஓடுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. சானாவில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-க்கு மேல் போகும். சூடும் நேரமும் கூடினால் 150 வரைகூட ஏறும். வேகமாக நடக்கும்போது இதயத்துக்கு வருகிற வேலைக்கு இது சமம். கை கால் தசைகளுக்கு மட்டும் எந்த வேலையும் இல்லை. ஆகவே நடைப்பயிற்சிக்கு மாற்றாக இதை வைத்துக்கொள்ள முடியாது, கூடவே வைத்துக்கொள்ளலாம்.

சானாவின் நன்மை என்று எங்கே படித்தாலும் அது பெரும்பாலும் ஃபின்லாந்தில் போய் நிற்கும். சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 30 லட்சம் சானாக்கள் இருப்பதாகக் கணக்கு. அந்நாட்டுச் சானாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே குவோப்பியோ பகுதியில் 42 முதல் 60 வயது வரையிலான 2315 ஆண்களை இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒரு தடவை போகிறவர்களைவிட, நான்கு முதல் ஏழு தடவை போகிறவர்களுக்குத் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. எந்தக் காரணத்தாலும் வரும் மரணம் 40 சதவீதம் குறைவு. அதே கூட்டத்தை வைத்துச் செய்த அடுத்தடுத்த ஆய்வுகளில் ரத்தக்கொதிப்பும் மறதிநோயும் குறைவாகவே தெரிந்தன.

எண்கள் பெரியவை, அதனால் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே பகுதி, ஆண்கள் மட்டும், சின்ன வயதிலிருந்தே சானாவில் பழகியவர்கள். வாரத்துக்கு ஏழு நாள் போகிற தெம்பு இருப்பவர் முதலிலேயே ஆரோக்கியமானவராக இருந்திருக்கலாம். கவனித்துப் பார்த்த ஆய்வு இது. ஆட்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு கிடையாது. நம்பிக்கை தருகிற செய்தி என்று எடுத்துக்கொள்ளலாம், மாத்திரையை நிறுத்த இது காரணமாகாது.

ஸ்டீம் ரூமுக்கு இப்படி நீண்டகால ஆய்வு எதுவும் பக்கத்தில்கூட இல்லை. சானாவின் எண்களை எடுத்து ஸ்டீம் பாத் விளம்பரத்தில் ஒட்டியிருந்தால் அது ஏமாற்று. ஆனால் ஸ்டீமுக்கென்று உள்ள சுகங்களை மறுக்க வேண்டியதில்லை. மூக்கடைப்பு இளகும், இறுகிய கழுத்தும் தோளும் தளரும், வறண்ட தோல் கொஞ்ச நேரம் மெத்தென்று இருக்கும். சளிக்கு நொச்சித்தழை போட்டு வேது பிடிக்கிறோமே, அந்த இதம்தான். சித்த மருத்துவம் சொல்லும் 32 வகைப் புறமருத்துவத்தில் வேதும் ஒன்று. இதம் கிடைப்பது நிச்சயம், ஆனால் சூடான ஈரக்காற்று சளியைச் சீக்கிரம் குணமாக்குகிறதா என்று சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெளிவான பலன் தெரியவில்லை.

பல சுவர்களில் எழுதியிருக்கும் "உடம்பிலுள்ள நச்சு வெளியேறும்" என்பதையும் கடந்துவிடலாம். வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர், மீதியில் பெரும்பங்கு உப்பு. கழிவை அகற்றுகிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. வியர்வை போகப் போகத் தண்ணீர் குடிக்காவிட்டால் அந்தச் சிறுநீரகத்துக்குத்தான் சிரமம்.

கதவைத் திறக்கும் முன்

சிலருக்கு இரண்டுமே வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தாலே நெஞ்சு வலிக்கிறவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், மருந்து எடுத்தும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், காய்ச்சல் அடிக்கிறவர்கள். கர்ப்பிணிகள், அதிலும் முதல் மூன்று மாதம், கட்டாயம் தவிர்க்க வேண்டும். அந்த நேரத்தில் தாயின் உடல்வெப்பம் அதிகம் ஏறுவது குழந்தையின் தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

குழந்தைக்கு முயற்சி செய்கிற ஆண்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. விரைப்பை சூடானால் விந்தணு குறையும். இத்தாலியில் பத்து ஆண்களை வாரம் இருமுறை, 15 நிமிடம் வீதம், மூன்று மாதம் சானாவில் உட்காரவைத்துப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். விந்தணு எண்ணிக்கையும் நீந்தும் திறனும் இறங்கின. நிறுத்தி ஆறு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பின. சிகிச்சையில் இருப்பவர்கள் அந்தக் காலம் முழுக்க இரண்டையும் விட்டுவிடுவதே நல்லது.

சர்க்கரைக்காரர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இன்சுலின் போட்ட இடம் சூடானால் மருந்து வேகமாக ரத்தத்தில் இறங்கி, சர்க்கரை சட்டென்று தாழும். கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. பலகையில் தெரிகிற ஆணித்தலையோ ஆவிக்குழாயோ சுட்டால், வீட்டுக்குப் போன பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். ரத்தக்கொதிப்பு மாத்திரை, நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்ற வாய்ப்பு அதிகம். வலிக்கோ நெஞ்சுவலிக்கோ தோலில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் சூட்டில் மருந்து அளவுக்கு மீறி இறங்கும். இவர்களெல்லாம் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆஸ்துமாக்காரர்களுக்கு ஸ்டீம் ரூமைவிடச் சானா பெரும்பாலும் தோதாக இருக்கும். அடர்ந்த ஆவியும், அதில் கலந்த தைல நெடியும் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். மாறாக, மூக்கும் தொண்டையும் எளிதில் வறண்டு எரிகிறவர்களுக்கு ஸ்டீம்தான் இதம்.

சரக்கு போட்டுவிட்டு இரண்டிலும் கால் வைக்கக் கூடாது. ஃபின்லாந்தில் சானாவுக்குள் நேர்ந்த மரணங்களில் கணிசமான பங்குக்குப் பின்னால் மதுதான் இருந்திருக்கிறது. குடித்தவருக்கு ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும், தண்ணீர் இன்னும் வற்றும், சூடு பொறுக்க முடியவில்லை என்கிற உணர்வும் மழுங்கிவிடும். சஷ்டி விரதம், நோன்பு என்று வெறும் வயிற்றில் இருக்கிற நாளும் வேண்டாம். பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த கால்வலிக்கு ஸ்டீம் நல்லதா என்று தை மாதத்தில் நிறையப் பேர் கேட்பார்கள். தசை வலிக்கு நல்லதுதான். ஆனால் பாதத்தில் கொப்புளம் உடைந்திருந்தால் அது ஆறும்வரை ஈரத்தரையில் வெறுங்காலோடு போகக் கூடாது.

முதல் நாள், படிப்படியாக

வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழியட்டும். உள்ளே போகும் முன் அரை மணிக்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள். ஜிம்மில் உடற்பயிற்சி முடித்த கையோடு போகிறீர்கள் என்றால் பத்து நிமிடம் உட்கார்ந்து நாடி அடங்கட்டும். ஏற்கனவே ஒரு சொம்பு வியர்வை போயிருக்கும், அதை முதலில் ஈடுகட்ட வேண்டும். பிறகு சோப்பு போட்டுக் குளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. எண்ணெயும் அழுக்கும் மரப்பலகையில் இறங்கினால் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த உடம்போடு சானாவுக்குப் போவதும் இதனாலேயே கூடாது. ஆயுர்வேத நிலையங்களில் எண்ணெய் தேய்த்துப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஆவி தருவது வேறு முறை. அதில் தலை வெளியே இருக்கும், பக்கத்தில் ஆளும் இருப்பார்.

நகைகளைக் கழற்றிவிடுங்கள். சங்கிலி, மோதிரம், மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாம் எண்பது டிகிரியில் சில நிமிடத்தில் தோலைச் சுடும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை ஈரத்துண்டில் சுருட்டி, தோலில் படாமல் மார்புக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் கயிறாக இருந்தால் கவலையே இல்லை, குண்டுகளை மட்டும் துணியில் பொதிந்தால் போதும். கான்டாக்ட் லென்ஸ், கண்ணாடி, செல்போன் மூன்றும் லாக்கரில் இருக்கட்டும். பருத்தி உடையோ துண்டோ போதும். உடம்பைப் பிடிக்கிற பாலியஸ்டர் டிராயர் வேண்டாம்.

சானாவில் முதல் நாள் கீழ்ப்பலகை. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் 20 டிகிரி வரைகூட வித்தியாசம் இருக்கும், மீட்டர் காட்டுவது மேலே உள்ள கணக்கு. துண்டை விரித்து அதன் மேல் உட்காருங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடம் போதும். மூக்கு எரிந்தால் ஈரத்துண்டை மூக்கருகே பிடித்து மூச்சு விடலாம். ஹீட்டர் மேல் அடுக்கியிருக்கும் கல்லில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஆசை வரும். ஊற்றலாமா என்று முதலில் கேளுங்கள், சில ஹீட்டர்கள் தண்ணீர் படக்கூடாத வகை. ஊற்றக்கூடியது என்றால் ஒரு கரண்டி, அதாவது 200 மில்லிக்கு மிகாமல், கல்லின் மேல் பரவலாக. ஊற்றுகிறவர் கை ஹீட்டருக்கு நேர் மேலே நீளக் கூடாது. அந்த ஒரு கரண்டியில் வெப்பமானி ஏறாது, ஆனால் முதுகில் சூட்டலை ஒன்று விழும். இட்லிப் பானைக் கதைதான் மறுபடியும்.

ஸ்டீம் ரூமில் நுழைந்ததும் முதல் வேலை, ஆவி வரும் குழாய் எங்கே என்று பார்த்துக்கொள்வது. பெரும்பாலும் இருக்கைக்குக் கீழே, தரையிலிருந்து அரையடி ஓரடி உயரத்தில் இருக்கும். அறை 45 டிகிரி என்றாலும் அந்த வாயில் வருவது நூறு டிகிரி ஆவி. காலை அந்தப் பக்கம் நீட்டினால் கெண்டைக்கால் வெந்துவிடும். இருக்கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் துண்டு போட்டு உட்காருங்கள். இங்கேயும் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, பழகிய பிறகு பத்து, பதினைந்து வரை போகலாம்.

கடிகாரத்தைவிட உடம்பு சொல்வது முக்கியம். தலை லேசாக மிதப்பது, குமட்டல், காதுக்குள் இரைச்சல், நெஞ்சு படபடப்பு அடங்காமல் இருப்பது, சூட்டிலும் தோல் சிலிர்ப்பது. இவற்றில் எது வந்தாலும் எழுந்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரே என்று ரோசப்படுவதற்கு இது இடமில்லை. ஃபின்லாந்தின் ஹெய்னோலாவில் 1999 முதல் யார் அதிக நேரம் தாங்குவது என்று உலகப் போட்டியே நடத்தினார்கள். 2010-இல் 110 டிகிரியில் நடந்த இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்துபோனார். அதோடு போட்டிக்கு மூடுவிழா.

எழுவதற்கும் முறை உண்டு. படுத்திருந்தாலோ காலை மேலே மடக்கியிருந்தாலோ, காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நடங்கள். புதியவர்கள் மயங்கி விழுவது பெரும்பாலும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது இல்லை. சட்டென்று எழுந்து கதவை நோக்கி இரண்டடி வைக்கும்போதுதான்.

ஆறுவதற்கு ஒரு வழி

ஃபின்லாந்துக்காரர் சானாவிலிருந்து எழுந்து ஏரியில் குதிப்பார், பனியில் நிற்பார். அவர்கள் புத்தகங்களில் 'வெளியே வந்து ஆறிக்கொள்ளுங்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். நாற்பது டிகிரியைத் தொடும் கரூரிலும் ஈரோட்டிலும் அந்த வரி வேலைக்கு ஆகாது. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வரும். சானாவிலிருந்து வந்து அந்த ஷவருக்கு அடியில் நின்றால் உடம்பு ஆறாது, உள்சூடு அப்படியே நிற்கும். நம் பக்கம் ஏற்படுகிற தலைவலி, குமட்டல், இரவு தூக்கமின்மை பலவும் இந்தச் சரியாக ஆறாத உடம்பின் கோளாறு.

எனவே வெயில் காலத்தில் விடிகாலையில் போங்கள், தொட்டித் தண்ணீர் இரவில் ஆறியிருக்கும். மாலையில்தான் நேரம் என்றால் ஒரு பக்கெட்டில் காலையிலேயே தண்ணீர் பிடித்து நிழலில் வைத்திருக்கச் சொல்லுங்கள். முதலில் கால், பிறகு கை, முதுகு, கடைசியில் தலை என்று ஊற்றுங்கள். எடுத்த எடுப்பில் தலையில் பனித்தண்ணீர் கொட்டுவது இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து. பிறகு ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம், நாடி பழைய நிலைக்கு வரும்வரை. அதற்குப் பிறகுதான் இரண்டாவது சுற்று. முதல் நாள் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம், பழகியவர்களுக்கும் இரண்டு மூன்று போதும்.

கத்திரி வெயில் நாட்களில் நேரத்தைப் பாதியாக்குவது புத்திசாலித்தனம். ஃபவுண்டரியில் உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றவருக்கும், சாயப்பட்டறையில் ஆவிக்குள் வேலை பார்த்தவருக்கும் அன்று மாலை சானா தேவையே இல்லை; அவர்களுக்கு வேண்டியது நிழலும் தண்ணீரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் சானா தனிச் சுகம். வெளியே திண்ணையில் உட்கார்ந்தாலே உடம்பு ஆறிவிடும்.

குடிப்பதற்குக் கணக்கு எளிது. எடை அரை கிலோ குறைந்திருந்தால் முக்கால் லிட்டர், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. உப்பும் போயிருப்பதால் உப்புப் போட்ட நீர்மோர் முதல் தேர்வு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் இளநீரோடு ஏதாவது உப்பான பண்டம் இரண்டு வாய் சேர்ந்தால் சரியாக இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே வில்லங்கம், அவர்கள் இளநீரைத் தொட வேண்டாம். உப்பைக் குறைக்கச் சொன்ன ரத்தக்கொதிப்புக்காரர்கள் வெறும் தண்ணீர் குடித்தால் போதும்.

யாராவது உள்ளே மயங்கிவிட்டால் முதலில் வெளியே இழுத்துவர வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை ஓரடி உயர்த்துங்கள், ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவு முழுதாகத் திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ, நெஞ்சு வலி என்றாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

இடத்தைச் சோதிப்பது

காசு கட்டும் முன் ஒருமுறை உள்ளே எட்டிப் பாருங்கள். ஸ்டீம் ரூமில் பாசி வாடை அடித்தாலோ, டைல்ஸ் இணைப்புகளில் கருப்புப் படர்ந்திருந்தாலோ, மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ திரும்பிவிடுங்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில், 20 முதல் 45 டிகிரிக்குள், லெஜியோனெல்லா என்கிற கிருமி வளரும். அதன் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். சேற்றுப்புண்ணும் படையும் ஈரத்தரையிலிருந்துதான் தொற்றுகின்றன, ஆகவே சொந்தச் செருப்பு, சொந்தத் துண்டு. சானாவின் காய்ந்த சூட்டில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பார்க்க வேண்டியது வேறு. ஹீட்டரைச் சுற்றிய மரச்சட்டத்தில் யாராவது துண்டோ பனியனோ காயப்போட்டிருக்கிறார்களா? சானாக்கள் தீப்பிடிப்பதற்கு முக்கியமான காரணமே இதுதான். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாளே இருக்கக் கூடாது. கரண்ட் போய் இருட்டானாலும் தோளால் தள்ளினால் திறக்க வேண்டும். நீலகிரித் தைலத்தை நேராகக் கல்லில் ஊற்றுகிற இடமாக இருந்தாலும் ஆகாது, அது தீப்பற்றும் எண்ணெய். ஒரு கரண்டித் தண்ணீரில் சில சொட்டு என்பதே வழக்கம்.

வீட்டிலேயே போட நினைத்தால்

சானாவுக்கு ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது அடிப்படைக் கணக்கு. ஆறடிக்கு ஐந்தடி, ஏழடி உயரம் என்றால் 210 கன அடி, சுமார் 6 கன மீட்டர். 6 கிலோவாட் ஹீட்டர் வேண்டும். கண்ணாடியோ காப்பு இல்லாத செங்கல் சுவரோ இருந்தால் அதன் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.2 கன மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கதவு அழகுக்காக வைத்துவிட்டு "எழுவதுக்கு மேல ஏறவே மாட்டீங்குது" என்று புலம்புவது இந்தக் கூட்டலை விட்டதால்தான். 6 கிலோவாட் என்பது சிங்கிள் பேஸில் 26 ஆம்பியர் இழுக்கும், த்ரீ பேஸ் இணைப்பே ஏற்றது. ஈபியில் அனுமதி பெற்ற லோடும் அதைத் தாங்க வேண்டும். சூடேற 30 முதல் 45 நிமிடம் ஆகும், ஒரு தடவைக்கு 5, 6 யூனிட். வாரம் மூன்று நாள் என்றால் இரண்டு மாதக் கணக்கில் 150 யூனிட் சுமாருக்குக் கூடும். 500-ஐத் தாண்டுகிற வீடாக இருந்தால் ஸ்லாப் மாறி மொத்த பில்லும் ஏறும்.

பலகைக்குப் பிசின் வடியாத, சூடு பிடிக்காத லேசான மரம் வேண்டும். ஆஸ்பென், அபாச்சி போன்றவை. தச்சர் சல்லிசாகக் கிடைக்கிறதென்று பைன் மரத்தைப் போட்டால் முடிச்சுகளிலிருந்து சுடுபிசின் வடிந்து முதுகைச் சுடும். ஆணி, திருகு எல்லாம் பலகையின் அடிப்பக்கத்திலிருந்து ஏற வேண்டும். கல்லுக்கு பவானி ஆற்றுக் கூழாங்கல்லை அள்ளி வந்து அடுக்கக் கூடாது. உள்ளே ஈரம் தங்கிய கல் சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும். கட்டட ஜல்லியும் சீக்கிரம் பிளந்து உதிரும். ஹீட்டரோடு தருகிற கல்லையே வாங்கி, காற்று போக இடம்விட்டுத் தளர்வாக அடுக்குங்கள். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து, உதிர்ந்ததை நீக்கி மறுபடி அடுக்க வேண்டும். தூள் அடைத்துக்கொண்டால் ஹீட்டரின் 'காயில்', அதாவது சூடேறும் கம்பிச்சுருள், காந்திப்போகும்.

ஸ்டீம் ரூமுக்கு நம் பக்கம் முதல் எதிரி போர்த் தண்ணீர். ஸ்டீம் ஜெனரேட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறது. ஆவி போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது காயிலைச் சுற்றி ஓடுபோல் இறுகிவிடும். ஆவி வரத் தாமதமாவது, ஆவியோடு சுடுதண்ணீர் துப்புவது, பிரேக்கர் விழுவது என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் காயில் போய்விடும். கோவையில் வீடுகளுக்கு உப்புத்தண்ணி ஒரு லைன், நல்லதண்ணி ஒரு லைன் இருப்பது இங்கே உதவும்: ஜெனரேட்டருக்கு நல்லதண்ணியான சிறுவாணி லைனிலிருந்து கொடுங்கள். போர்த் தண்ணீர் மட்டுமே உள்ள இடத்தில் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் வைக்காமல் மெஷினை ஓட்ட வேண்டாம். சானாக் கல்லில் ஊற்றும் தண்ணீருக்கும் இதே விதி. ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்கிற தானியங்கி வடிகால் உள்ள மாடலாக வாங்கினால் உப்புச் சேர்வது பெரிதும் குறையும்.

அறையின் கூரை சாய்வாக இருக்க வேண்டும். மட்டமாகப் போட்டால் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும். நீர்க்காப்புப் பூச்சை இடுப்பளவோடு நிறுத்தாமல் கூரைவரை கொண்டுபோகாவிட்டால் ஆறே மாதத்தில் அடுத்த அறைச் சுவரில் ஓதம் இறங்கும். உப்பு நீக்க சிட்ரிக் அமிலம் போதும், அளவு மெஷினின் கையேட்டில் இருக்கும். கரைசலை ஊற்றி ஊறவிட்டு வடித்தபின், நல்ல தண்ணீர் நிரப்பி ஒருமுறை முழுதாக ஓட்டி வெளியேற்றுங்கள். அந்த முதல் ஆவி வரும்போது கதவைத் திறந்துவைத்துவிட்டு யாரும் உள்ளே உட்காராமல் இருக்க வேண்டும். அமிலம் கலந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.